ஆப்சிடியன் எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: சக்கரம் இல்லை, சுமை தூக்கக் கழுதைகூட இன்னும் பழக்கப்படவில்லை, காசும் எழுத்தும் கிடையாது. அந்தக் காலத்தில் துருக்கியின் எரிமலை ஒன்றில் உண்டான ஆப்சிடியன் என்ற கறுப்புக் கண்ணாடிக் கல் 800 கி.மீ. தள்ளி ஈரானில் கிடைக்கிறது என்கிறார்கள். அதே மலையின் கல்தான் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? கொண்டுபோனது வியாபாரிகளா? கடைசியில் ஒரு துணைக் கேள்வியும் வைத்திருக்கிறீர்கள்: நம் ஊர் அகழாய்வுகளில் இந்தக் கல்லைப் பற்றிய பேச்சே இல்லையே, ஏன்?

முதல் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். அவற்றைப் பிரித்துக்கொள்வது நல்லது. கல் எந்த மலையில் உண்டானது என்பதைப் பெரும்பாலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடலாம். அது எப்படி, எத்தனை கை மாறி வந்தது என்பது வேறு விஷயம். அங்கே ஊகம் அதிகம். பத்திரிகைக் கட்டுரைகள் முதல் பாதியின் உறுதியை இரண்டாம் பாதிக்கும் கடன் கொடுத்து, 'பழங்கால வணிகப் பாதை' என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டுவிடுகின்றன. நான் புவிவேதியியல் படித்தவன். தொல்லியல் குழுக்கள் அனுப்பும் கற்களைப் பகுப்பாய்வு செய்வதில் பல வருடம் போயிருக்கிறது. ஆகவே கல்லின் பிறப்பிடம் பற்றி என்னால் கொஞ்சம் தெம்பாகப் பேச முடியும். மற்றதில், வாதங்களைப் படித்து எடைபோட்ட ஒருவனின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆப்சிடியன் என்பது சிலிக்கா நிறைந்த, பிசுபிசுப்பான எரிமலைக் குழம்பு படிகம் கட்ட அவகாசம் இல்லாமல் இறுகியதால் உண்டாகும் இயற்கைக் கண்ணாடி. உள்ளே படிக அமைப்பு இல்லாததால் தட்டினால் எந்தப் பக்கமும் ஒரே சீராக உடையும். கைதேர்ந்தவர் அதிலிருந்து நீளமான, மெல்லிய, பிளேடு போன்ற சில்லுகளை வரிசையாக உரித்தெடுப்பார். அந்த விளிம்பின் கூர்மைக்கு மற்ற கற்கள் பக்கத்தில்கூட வராது.

தொல்லியலாளருக்கு அதைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. ஓர் எரிமலை ஓட்டத்திலிருந்து வந்த ஆப்சிடியன் முழுக்க ஏறக்குறைய ஒரே வேதிக் கலவையாக இருக்கும். அடுத்த மலையின் கலவை அதிலிருந்து வேறுபடும். சிலிக்காவின் அளவைப் பார்த்துப் பயனில்லை, அது எல்லாவற்றிலும் 70 சதவீதத்துக்கு மேல்தான். பத்து லட்சத்தில் சில பத்து, சில நூறு பங்கு என்ற அளவில் ஒட்டியிருக்கும் ருபிடியம், ஸ்ட்ரான்ஷியம், சிர்கோனியம், நியோபியம், பேரியம் போன்றவைதான் காட்டிக்கொடுக்கும். கல்லை உடைத்தாலும் தேய்த்தாலும் ஆயிரக்கணக்கான வருடம் மண்ணில் கிடந்தாலும், மேற்பரப்பில் ஈரம் ஊறிய மெல்லிய படலத்தைத் தவிர்த்து உள்ளே இந்த அளவுகள் மாறுவதில்லை. பானைக்கு இந்த வசதி இல்லை: குயவர் மண்ணைக் கலப்பார், மணல் சேர்ப்பார், சுடுவார். உலோகத்தையும் உருக்கி வேறொன்றோடு கலந்துவிடலாம். ஆப்சிடியனில் அந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

இதை முறைப்படி செய்து காட்டியது 1964இல் வெளியான நிலவியலாளர் ஜே. ஆர். கான், தொல்லியலாளர் காலின் ரென்ஃப்ரூ இருவரின் ஆய்வு. மத்தியதரைக் கடல் பகுதிக் கற்களில் பேரியம், சிர்கோனியம் போன்ற தனிமங்களின் அளவைக் கொண்டு மூலங்களைப் பிரித்தார்கள். பிறகு ஜே. ஈ. டிக்சனும் சேர, மேற்காசியாவுக்கும் அதை விரித்தார்கள். அதற்கு முன்னால் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்துத்தான் ஊர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை நம்ப முடியாது. இப்போது எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் இயங்கும், கையில் பிடிக்கிற கருவியே வந்துவிட்டது. அருங்காட்சியகக் கல்லைக் கீறாமல் ஓரிரு நிமிடத்தில் அளவெடுத்துவிடலாம்.

சரி, சந்தேகம் எங்கே வரும்? முதலாவது, கிழக்குத் துருக்கியில் பிங்கோல் பகுதியின் ஒரு வகையும் வான் ஏரிக்கரையின் நெம்ருத் எரிமலைக் கல்லும். இரண்டும் சோடியம், பொட்டாசியம் மிகுந்த, பச்சை சாயும் கற்கள். வேதிக் கலவையிலும் ஏறக்குறைய இரட்டைப் பிறவிகள். நெடுங்காலம் ஆய்வறிக்கைகளில் 'பிங்கோல் அல்லது நெம்ருத்' என்றே எழுதிவந்தார்கள். நுட்பமான அளவீட்டில் பிரிக்க முடிகிறது, ஆனால் பழைய அறிக்கைகளைப் படிக்கும்போது கவனம் தேவை. இரண்டாவது, நகக்கண் அளவுச் சில்லுகள். கைக்கருவியின் கதிர் அவற்றை ஊடுருவிப் போய்விடுவதால் எண்கள் பிசகும். மூன்றாவது, பலர் மறந்துவிடுவது: 'இந்த மலையின் கல்' என்றால், நம் கையிலுள்ள மாதிரிகளில் இந்த மலையின் மாதிரியோடு பொருந்துகிறது என்று மட்டுமே பொருள். யாரும் ஏறி மாதிரி எடுக்காத மலை ஒன்று இருந்தால், அதன் கல்லைத் தவறான முகவரியில் சேர்த்துவிடும் ஆபத்து உண்டு. நான்காவது, ஆற்று நீர். வெள்ளம் ஆப்சிடியன் உருளைகளைப் பல கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு போகும். மனிதன் மலைக்கே போயிருக்க வேண்டியதில்லை, கீழே ஆற்றுப்படுகையில் பொறுக்கியிருக்கலாம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தூரத்தைப் பற்றிய வாதத்தில் இது முக்கியம். எண்ணூறு கிலோமீட்டருக்கு இந்தச் சமாதானம் எடுபடாது.

இனி நீங்கள் கேட்ட மேற்காசியா. பெரிய மூலங்கள் இரண்டு தொகுதி: நடுத் துருக்கியின் கப்படோக்கியாவில் கோல்லு தாக், நெனெசி தாக்; கிழக்கே பிங்கோல், நெம்ருத். கோல்லு தாக்கிலிருந்து நேர்க்கோட்டில் 700 கி.மீ. தெற்கே, பாலஸ்தீனத்தின் பழைய ஊரான எரிக்கோவில் அதன் கல் கிடைத்திருக்கிறது. கிழக்குத் துருக்கிக் கல் ஈரானின் தே லுரான் சமவெளியில் அலி கோஷ் வரை போயிருக்கிறது. நீங்கள் படித்தது அநேகமாக இதுவாக இருக்கும். அலி கோஷ் போன்ற தொலைதூர ஊர்களில் இது ஒட்டுமொத்தக் கல் கருவிகளில் மிகச் சிறிய பங்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தப் பங்கை வைத்துத்தான் ரென்ஃப்ரூ தன் புகழ்பெற்ற வளைவை வரைந்தார். மூலத்திலிருந்து சுமார் 300 கி.மீ. வரையுள்ள ஊர்களில் கல் கருவிகளில் 80 சதவீதமும் அதற்கு மேலும் ஆப்சிடியன்தான். அந்த எல்லையைத் தாண்டியதும் பங்கு மளமளவென்று சரிகிறது. உள்வட்டத்தில் இருந்தவர்கள் தாங்களே மலைக்குப் போய் எடுத்துவந்தார்கள். வெளியே இருந்தவர்களுக்கு ஊர் விட்டு ஊர் கைமாறி வந்தது. ஒவ்வொரு ஊரும் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த ஊருக்குக் கொடுத்தால் இப்படித்தான் சரியும் என்பது அவர் விளக்கம். இந்த விளக்கத்தில் வியாபாரி என்று ஒருவர் தேவையே இல்லை. எரிக்கோக்காரர் கோல்லு தாக் என்ற பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை.

அழகான விளக்கம்தான், அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் வளைவு மட்டும் அதை நிரூபிக்காது. 1976இல் தொல்லியலாளர்கள் ஐயன் ஹாடரும் கிளைவ் ஆர்ட்டனும் கல் பரவும் வெவ்வேறு முறைகளைக் கணக்கில் மாதிரியாக ஓட்டிப் பார்த்து, கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளைவு பல வழிகளில் வரும் என்று காட்டினார்கள். கல்யாணத்தில் கடைசி வரிசைக்கு வடை வரவில்லை என்றால், முன்வரிசையில் தீர்ந்துவிட்டதா, பரிமாறுபவர் வேறு பக்கம் போய்விட்டாரா என்று காலி இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது இல்லையா, அந்த நிலைமைதான். இன்னொரு சிக்கல், சதவீதம் என்ற அளவுகோலே. பக்கத்தில் நல்ல சிக்கிமுக்கிக் கல் கிடைக்கும் ஊரில் ஆப்சிடியன் எவ்வளவு வந்தாலும் சதவீதம் குறைவாகத்தான் தெரியும். உள்ளூர்க் கல் மட்டமாக இருக்கும் ஊரில் கொஞ்சம் வந்தாலே சதவீதம் எகிறும். எடையைப் பார், எண்ணிக்கையைப் பார், எந்த வடிவில் வந்தது என்று பார் என்று பிறகு வந்தவர்கள் வற்புறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

எந்த வடிவில் வந்தது என்பது நல்ல கேள்வி, பதிலும் சுவாரசியமானது. கோல்லு தாக்கின் சரிவில் கலெதெபே என்ற இடத்தில் கி.மு. 9ஆம் ஆயிரமாண்டின் பட்டறை ஒன்றைத் தோண்டியெடுத்தார்கள். அங்கே சில்லு உரித்த ஒரு முறை அக்கம்பக்கத்து ஊர்களின் பழக்கமே அல்ல. வட சிரியா, லெவண்ட் (மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரை) பகுதிக்காரர்களின் கைப்பழக்கம். கழிவு மலைச் சரிவிலேயே கிடக்கிறது, நல்ல சில்லுகளைக் காணவில்லை. அந்தப் பாணிச் சில்லுகள் தெற்கே லெவண்டிலும் கடல் கடந்து சைப்ரஸிலும் தென்படுகின்றன. அப்படியானால் தெற்கிலிருந்து கைவினைஞர்கள் மலைக்கே வந்து, உட்கார்ந்து வேலை பார்த்து, செய்த பொருளைக் கொண்டுபோனார்கள் என்ற எண்ணம் வலுக்கிறது. ஊர் விட்டு ஊர் கைமாறிய சங்கிலிக்கு இது நேர் எதிர். இரண்டும் ஒரே மலையில் ஒரே காலத்தில்கூட நடந்திருக்கலாம். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

துருக்கியின் புதிய கற்கால ஊரான சாத்தால்ஹோயுக் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கோல்லு தாக்கிலிருந்தும் நெனெசி தாக்கிலிருந்தும் சுமார் 190 கி.மீ. தூரத்தில் உள்ள அந்த ஊரை 'ஆப்சிடியன் வணிக நகரம்' என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. 1960களில் அங்கே தோண்டிய ஜேம்ஸ் மெல்லார்ட்டின் காலத்திலிருந்து வரும் பேச்சு அது. பின்னால் நடந்த நிதானமான அகழாய்வில் கிடைத்த படம் வேறு. கல்லை ஊருக்குள் கொண்டுவந்தது வீடுவீடாக. அரைகுறையாகச் செதுக்கிய துண்டுகளை வீட்டுத் தரைக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறார்கள். வேண்டும்போது தோண்டி எடுத்துச் செதுக்கியிருக்கிறார்கள். பொதுக் கிடங்கு, ஏற்றுமதிப் பட்டறை என்று காட்ட எதுவும் இல்லை. பளபளவென்று தேய்த்த, ஆப்சிடியனால் ஆன முகம் பார்க்கும் கண்ணாடிகளும் அங்கே கிடைத்தன, சில கல்லறைகளில். சாப்பாட்டுக்கு இறைச்சி வெட்ட மட்டும் இந்தக் கல்லைத் தேடிப் போகவில்லை என்பது அதிலிருந்தே தெரிகிறது.

எனக்குப் பிடித்த வழக்கு கிரேக்கத்தின் மெலோஸ் தீவு. ஸ்டா நிகியா, டெமெனெகாக்கி என்று இரண்டு இடங்களில் அருமையான ஆப்சிடியன் அங்கே மேற்பரப்பிலேயே கிடைக்கிறது. கிரேக்கப் பெருநிலத்தின் ஆர்கோலிட் பகுதியில் ஃபிராங்க்தி குகை. மெலோஸிலிருந்து நேர்க்கோட்டில் 140 கி.மீ. அளவில் இருக்கும். 1967இல் தொடங்கிய அகழாய்வில், பழைய கற்காலத்தின் இறுதிக் கட்ட அடுக்குகளில், ஏறக்குறைய 13,000 வருடத்துக்கு முந்தைய மண்ணில், மெலோஸ் கல் கிடைத்தது. அன்று கடல்மட்டம் தாழ்ந்திருந்தது, பல தீவுகள் ஒன்றாக இணைந்திருந்தன, ஒவ்வொரு கடல் தாண்டலும் இன்றைய அளவுக்குப் பெரிதில்லை. ஆனாலும் மெலோஸ் அப்போதும் தீவுதான், நடந்து போயிருக்க வழியில்லை. படகு ஒன்றுகூட மிஞ்சாத காலத்தில் கடற்பயணத்துக்கு இந்தச் சில்லுகளே சாட்சி. இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. மெலோஸில் நிரந்தரமாக மனிதர் குடியேறியது அதற்குப் பல ஆயிரம் வருடம் கழித்து. அதாவது கல்லை விற்க அங்கே ஆளே இல்லாத காலத்தில் கல் வெளியே போய்க்கொண்டிருந்தது.

வெண்கலக் காலத்தில் மெலோஸில் ஃபிலகோபி என்ற நகரம் எழுந்தது. 1896 முதல் 1899 வரை ஏதென்ஸிலுள்ள பிரிட்டிஷ் கல்விக்கூடத்தார் அதைத் தோண்டியபோது, இந்தச் செழிப்புக்கு ஆப்சிடியன் வியாபாரம்தான் காரணம் என்று நினைத்தார்கள். நினைக்கத் தோன்றுவதும் இயல்பு. ராபின் டாரன்ஸ் பிற்பாடு கல் எடுத்த இடங்களையே போய் ஆராய்ந்தார். சரிவெல்லாம் கழிவுச் சில்லு குவிந்து கிடக்கிறது, ஆனால் வேலி இல்லை, காவல் இல்லை, எடுப்பதை முறைப்படுத்திய அடையாளம் இல்லை. யாரோ ஒருவர் கையில் ஏகபோகமாக இருந்திருந்தால் சிக்கனமும் சீரான தயாரிப்பும் தெரிந்திருக்க வேண்டும்; அப்படி ஒன்றும் தெரியவில்லை. வந்தவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது அவர் முடிவு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கேத்ரின் பெர்லெஸ் புதிய கற்காலக் கிராமங்களைப் பார்த்து வேறு மாதிரி வாதிட்டார். தெசலி போன்ற உள்நாட்டுச் சமவெளியின் உழவர்களுக்குக் கடலோடும் பழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அங்கே கிடைக்கும் ஆப்சிடியன் சில்லுகள் அழுத்தி உரிக்கும் முறையில், மிகத் தேர்ந்த கையால் செய்யப்பட்டவை. ஒரு கிராமத்துக்கு வருடத்தில் தேவைப்படும் அளவோ மிகக் கொஞ்சம். அவ்வளவு கொஞ்சத்தைச் செய்துகொண்டு யாரும் அந்தக் கைத்திறனைப் பழகவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது. ஆகவே கடலோடத் தெரிந்த சில கைவினைஞர்கள் மெலோஸில் கல்லெடுத்து, ஊர் ஊராகப் போய் அங்கேயே உட்கார்ந்து உரித்துக் கொடுத்திருக்க வேண்டும் என்கிறார். நம் ஊரில் அம்மி கொத்த வருவார்களே, அந்த ஏற்பாடு. எனக்கு இந்த வாதம் நம்பும்படி இருக்கிறது, குறிப்பாகத் திறனையும் தேவையையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிற இடம். டாரன்ஸ் சொல்வதோடு இது மோதவும் இல்லை: மலையில் யாருடைய கட்டுப்பாடும் இல்லாமல் இருந்திருக்கலாம், மலைக்குப் போகத் தெரிந்தவர்கள் சிலரே இருந்திருக்கலாம்.

தூரம் என்று பார்த்தால் மேற்காசியா எல்லாம் ஒன்றுமில்லை. பப்புவா நியூ கினியின் நியூ பிரிட்டன் தீவில் தலாசியா பகுதிக் கல் மேற்கே மலேசியாவின் சபாவில் புக்கிட் தெங்கோராக் வரைக்கும், கிழக்கே ஃபிஜி வரைக்கும் போயிருக்கிறது. இரண்டு முனைகளுக்கும் இடையே 6000 கி.மீ.க்கு மேல். சுமார் 3000 வருடத்துக்கு முன்பு பசிபிக்கில் பரவிய லபிட்டா பண்பாட்டோடு சேர்ந்த விஷயம் இது. பசிபிக் நான் நேரடியாக வேலை பார்த்த பகுதி அல்ல, ஆனால் ஒரு தகவல் மனதில் நிற்கிறது. தலாசியாவிலிருந்து ஏறக்குறைய 2000 கி.மீ. தள்ளியுள்ள ரீஃப், சாண்டா குரூஸ் தீவுகளில் இந்தக் கல்லை ஆராய்ந்த பீட்டர் ஷெப்பர்டு, அங்கே அதை மிச்சம் பிடித்துப் பயன்படுத்திய அறிகுறியே இல்லை என்று காட்டினார். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த பொருளை அலட்சியமாக உடைத்துப் போட்டிருக்கிறார்கள். கருவிக்காகக் கொண்டுவந்திருந்தால் அப்படிச் செய்ய மாட்டார்கள். புதுத் தீவில் குடியேறியவர்கள் பழைய ஊரோடு தொடர்பை விடாமல் வைத்திருந்ததன் அடையாளமாகக் கல் வந்திருக்கலாம் என்ற விளக்கம் பொருத்தமாகப் படுகிறது.

வட அமெரிக்காவில் இன்னும் குழப்பமான ஒன்று. யெல்லோஸ்டோனின் ஆப்சிடியன் கிளிஃப் மலைக் கல் ஏறக்குறைய 2000 வருடத்துக்கு முன் ஒஹாயோவில் ஹோப்வெல் என்ற பழங்குடிப் பண்பாட்டினர் எழுப்பிய மண்மேடுகளில், சுமார் 2300 கி.மீ. தள்ளி, குவியலாகக் கிடைத்தது. ஒரே மேட்டில் 130 கிலோவுக்கு மேல். சங்கிலியாகக் கைமாறி வந்திருந்தால் வழிநெடுக அதிகமாகக் கிடைக்க வேண்டும். கடைசி ஊரில் இத்தனை குவிந்திருக்கக் கூடாது. ஒரே ஒரு பயணக்குழு போய்ச் சுமந்துவந்ததே எல்லாம் என்று ஜேம்ஸ் கிரிஃபின் 1960களில் சொன்னார். இல்லை, பல தலைமுறையாக வந்தது என்று மறுத்தவர்களும் உண்டு. கல் எந்த மலையுடையது என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

காலத்தில் பின்னோக்கிப் போனால் 'வணிகம்' என்று சொல்வது இன்னும் சிக்கலாகும். கென்யாவின் ஓலோர்கெசைலியில் சுமார் 3,00,000 வருடத்துக்கு முந்தைய அடுக்குகளில், பல திசைகளிலிருந்து, 25 முதல் 50 கி.மீ. வரையும் சில வேளை அதற்கு மேலும் தள்ளியுள்ள மூலங்களின் ஆப்சிடியன் கிடைத்திருக்கிறது. ஆர்மீனியாவின் நோர் கேகியிலும் அதே அளவு பழைமை. பெரும்பகுதி பக்கத்து மலைக் கல், சொற்பம் மட்டும் 120 கி.மீ. தூரத்துக் கல். குழுக்களுக்கிடையே பரிமாற்றம் என்று சிலர் சொல்கிறார்கள். வேட்டைக்காரக் குழு ஒரு வருடத்தில் சுற்றும் பரப்பே அவ்வளவு இருக்கலாம் என்பதால், நான் இதில் அவசரப்பட்டு முடிவெடுக்க மாட்டேன்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் மூன்று விஷயம் பாருங்கள்: எத்தனை துண்டு கிடைத்தது, மூலக்கல்லாக வந்ததா செய்த பொருளாக வந்ததா, இடைவழியில் உள்ள ஊர்களில் கிடைத்திருக்கிறதா. இந்த மூன்றும் இல்லாமல் 'வணிகம்' என்று எழுதியிருந்தால் அது எழுதியவரின் ஆசை.

கடைசியாக, நம் ஊர். தமிழ்நாட்டு அகழாய்வுகளில் இந்தக் கல் பேசப்படாததற்குக் காரணம் நிலவியல். ஆப்சிடியன் கண்ணாடி என்பதால் நிலையானது அல்ல. நாளாக நாளாக நீரை உறிஞ்சி, மெல்லப் படிகமாகி, சில கோடி வருடங்களில் கண்ணாடித் தன்மையை இழந்துவிடும். ஆகவே இளம் எரிமலைகள் உள்ள நாடுகளில்தான் அது நிறையக் கிடைக்கிறது. தக்காணத்தின் பிரம்மாண்டமான எரிமலைப் பாறையோ சுமார் 6.6 கோடி வருடப் பழசு. அதோடு பெரும்பாலும் சிலிக்கா குறைந்த பசால்ட். தமிழ்நாட்டின் அடிப்பாறை அதைவிட மிகமிகப் பழையது. எனவே இங்கே வாழ்ந்தவர்கள் கையில் கிடைத்த நல்ல கல்லை எடுத்துக்கொண்டார்கள்: அதிரம்பாக்கத்தில் குவார்ட்சைட் என்ற கடினப் பாறையில் செய்த கைக்கோடரிகள், தூத்துக்குடி, திருநெல்வேலித் தேரி மணல்மேடுகளில் குவார்ட்ஸிலும் செர்ட் என்ற சிக்கிமுக்கி வகைக் கல்லிலும் செய்த நுண்கற்கருவிகள். கல் பயணம் செய்யவே இல்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. ஆனால் குவார்ட்சைட்டும் செர்ட்டும் ஒரே பாறைக்குள்ளேயே இடத்துக்கு இடம் கலவை மாறுபவை. ஆப்சிடியனில் ஓரிரு நிமிடத்தில் கிடைக்கும் விடை இவற்றில் கிடைக்காது. ஒவ்வொரு மூலத்திலும் ஏராளமான மாதிரி எடுத்து, புள்ளியியல் துணையோடு, 'இந்தப் பாறையாக இருக்க வாய்ப்பு அதிகம்' என்ற அளவில்தான் சொல்ல முடியும்.